அப்பாவுக்குத் தெரியாத வரைக்கும்

அத்தியாயம் 11: உறவுமுறை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்றோடு மாப்பிள்ளை வேலை முடிகிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் பேசிக்கொண்டது அப்படித்தான். மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனதும், பழுது பார்க்க வந்தவனே கடைக்காரப் பெண்ணோடு உள்ளே மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் அசடு வழிந்ததும் விடாமல் படித்து வருகிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நேரம் பார்த்து அவளுடைய அப்பா போன் செய்தார். பக்கத்தில் யாரோ ஆண் குரல் கேட்கிறதே என்றார். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

வாய்க்கு வந்ததென்றாலும் காரணம் இல்லாமல் வந்ததில்லை. அப்பா முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் எட்டு வருஷம் ஆகிறது. முழங்கால் வலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொல்ல, அறுபத்திரண்டு வயதில் குளத்தில் இறங்கினார். கால் எட்டுகிற இடத்திலேயே மூழ்கப் பார்த்தார். தூக்கிவிட்டவர் நீச்சல் டீச்சர். அன்றைக்குப் பிடித்த கையை விட அவருக்கு மனசில்லை. ஆனால் மகள் தனியாக நிற்கும்போது தனக்கென்று ஒரு துணை தேடிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதம். மகளுக்கு முப்பத்தொரு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

ஆக, பாப்பாவுக்கு அவசரமாக ஒரு மாப்பிள்ளை தேவைப்பட்டது. அப்பாவின் பதிவுத் திருமணம் முடிகிற வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட வந்து போனால் போதும், அதற்குப் பிறகு ஒத்துவரவில்லை என்று சொல்லிக் கௌரவமாகப் பிரிந்துவிடலாம் என்றாள். மெக்கானிக் ஏன் தலையாட்டினான் என்று அவனுக்கே அப்போது தெரியாது.

இப்போது தெரியும். அதுதான் சங்கடம்.

விடுதிகளில் வளர்ந்தவன் அவன். சாப்பிட மணி அடிப்பார்கள், தூங்க மணி அடிப்பார்கள். சாப்பிட்டாயா என்று தனியாக யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் முதல் வெள்ளிக்கிழமையே பாப்பாவின் அப்பா அவனைத் திட்டினார். மழையில் நனைந்த ஷூவோடு நாள் முழுக்க வேலை பார்ப்பாயா, கால் என்னத்துக்கு ஆகும் என்று தொடங்கி, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து அடுப்படி ஓரமாகக் காய வைத்தார். அந்தத் திட்டு இன்னும் கொஞ்சம் நீளாதா என்றிருந்தது அவனுக்கு. அவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த வார்த்தையை அவன் அதுவரை யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. முதல் தடவை சொல்லும்போது நாக்கு குழறியது. இப்போது சரளமாக வருகிறது. இன்றோடு நிறுத்த வேண்டும்.

பாப்பா எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டரை மணிக்கு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். பாப்பா விடிந்ததுமே டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தாள், அவரைத் தயார் செய்து கூட்டிக்கொண்டு வர. வீட்டில் மாமா மட்டும் இருந்தார். கோட்டுப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார். மெக்கானிக் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டான். அவர் குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

பிறகு கார் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார்.

மெக்கானிக் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். மாமா அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். வாடகைக் காரில் போனால்கூட இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

"கை நடுங்குது தம்பி. நீ ஓட்டு."

தம்பி. மூன்று மாதமாக மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் இன்று தம்பி என்கிறார். பதற்றத்தில் வந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

வழி நெடுக மாமா வண்டி ஓட்டிக்கொண்டுதான் வந்தார், வாயால். அந்த லாரிக்காரன் இண்டிகேட்டர் போட மாட்டான், பார்த்துக்கொள் என்றார். இரண்டாவது கியரிலேயே இந்தத் திருப்பத்தை எடுத்திருக்கலாம் என்றார். பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவர் பேச்சும் நின்றது.

"உனக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன்," என்றார்.

"எனக்கா? எதுக்கு மாமா?"

"வெள்ளிக்கிழமை தவறாம வந்தியே, அதுக்கு. அவங்கம்மா போனதுக்கப்புறம் சாப்பாட்டு மேஜையில நானும் பாப்பாவும்தான். மூணாவது நாற்காலி மேல எப்பவும் துவைச்ச துணி குவிஞ்சு கிடக்கும். ரெண்டு பேருக்குமே அதை எடுக்கத் தோணாது. நீ வர ஆரம்பிச்சதும் பாப்பா அதையெல்லாம் மடிச்சு உள்ள வச்சா. நாற்காலி காலியாச்சு. சின்ன விஷயம்தான். ஆனா எனக்கு வீடு திரும்பி வந்த மாதிரி இருந்தது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மெக்கானிக் கிளட்சைச் சரியாக விடாமல் இன்ஜினை அணையவிட்டுவிட்டான். மாமா அதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவனுக்கு. அத்தனையும் பொய் மாமா, நான் யாரோ என்று சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த திருப்பத்திலேயே வண்டியை வீட்டுக்கு விடச் சொல்வார். ரெஜிஸ்டர் ஆபீஸில் ஒரு பெண்மணி நல்ல உடை உடுத்திக் காத்துக்கொண்டிருக்கிறார். வாயை மூடிக்கொண்டு ஓட்டினான்.

ரெஜிஸ்டர் ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் ஏறியதும் மெக்கானிக்கின் கண் தானாகவே கதவோரம் ஒட்டியிருந்த சோதனை அட்டைக்குப் போயிற்று. போன மாதத் தேதியும் கையெழுத்தும் சரியாக இருந்தன. மேலே நீண்ட பெஞ்சில் டீச்சரும் பாப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்கு ஐம்பத்தாறு வயது, நெடுநெடுவென்று உயரம், தண்ணீரில் இருந்து பழகிய அகன்ற தோள். மாமா அவரைப் பார்த்துவிட்டு, வழியில் நல்ல நெரிசல் என்றார். அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வந்தது. டீச்சர் நகர்ந்து இடம் விட்டார்.

பாப்பா மெக்கானிக்கின் காலரைச் சரிசெய்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, "இன்னும் அரை மணி நேரம்தான். அதுக்குள்ள எதையும் உளறிடாதே," என்றாள்.

"உளறமாட்டேன்."

"உன் மூஞ்சி உளறுது."

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு பெரிய மேஜை, அதன் பின்னால் கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடியோடு ஒரு அம்மாள். மணமக்கள் தனித்தனியாக உறுதிமொழி படித்தார்கள். அடுத்தது சாட்சிகள். அச்சடித்த படிவத்தை அந்த அம்மாள் மெக்கானிக் பக்கம் தள்ளினார். வயது எழுதினான். தொழில் எழுதினான். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.

மணமகனுக்கு என்ன உறவுமுறை?

எழுதுவதில் உண்மை இல்லையென்றால் தண்டனை உண்டு என்று அந்த அம்மாள் மனப்பாடமாக ஒப்பித்தார். எல்லோரிடமும் ஒப்பிக்கிறதுதான். ஆனால் மெக்கானிக்கை நிறுத்தியது தண்டனை இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவன் லிஃப்டுகளில் சோதனை அட்டையில் கையெழுத்துப் போடுகிறவன். கயிற்றைக் கையால் தொட்டுப் பார்க்காமல், பிரேக்கை மூன்று முறை சோதிக்காமல் ஒரு நாளும் போட்டதில்லை. முகம் தெரியாத ஜனங்கள் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்து மாடி ஏறுகிறார்கள். வாயால் மூன்று மாதம் பொய் சொல்ல முடிந்தது. காகிதத்தில் முடியாது போலிருந்தது.

பக்கத்தில் பாப்பா மூச்சு விடவில்லை. வருங்கால மருமகன் என்று எழுது என்று அவள் முழங்கை அவன் விலாவில் சொன்னது.

அவன் 'நண்பர்' என்று எழுதினான்.

மாமா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்த ஒற்றைச் சொல்லைப் படித்தார். ஒரு நீளமான வாக்கியத்தைப் படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டார். பாப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எழுத்து நல்லா இருக்கு," என்றார் மாமா.

பேனாவை வாங்கிக்கொண்டார். பேனா முனை காகிதத்தில் படாமல் மேலேயே ஆடியது. டீச்சர் அவர் முதுகில் கையை வைத்து, குளத்தில் சொல்கிற அதே குரலில், மூச்சை உள்ளே பிடித்து வைக்காதீர்கள், விடுங்கள் என்றார். மாமா விட்டார். கையெழுத்து கோணாமல் விழுந்தது. முத்திரை விழுந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் மறுபடி ஒருவருக்கு வீட்டுக்காரர் ஆனார்.

பாப்பா அழுதாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு, டீச்சரைக் கட்டிக்கொண்டு, அந்த வேகத்திலேயே மெக்கானிக்கையும் கட்டிக்கொண்டாள். மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. யாருக்காகவும் செய்து காட்டியது இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்து, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் விலகிக்கொண்டார்கள்.

சான்றிதழ் வாங்க அப்பாவும் மகளும் அடுத்த அறைக்குப் போனார்கள். வராந்தாவில் டீச்சரும் மெக்கானிக்கும் நின்றார்கள். டீச்சர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, 'நண்பர்' என்று எழுதியது தனக்குப் பிடித்திருந்தது என்றார். மருமகன் என்று எழுதியிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன் என்றார்.

மெக்கானிக் அவரைப் பார்த்தான்.

"நான் சாப்பிட வந்த முதல் நாளே எனக்குத் தெரியும்," என்றார் டீச்சர். "மேஜையில பாப்பா உங்ககிட்ட தண்ணி கேட்டா. குடுத்தீங்க. நன்றிங்கன்னா. பரவாயில்லைங்கன்னீங்க. காதலிக்கிறவங்க பேசற பேச்சா அது? பேங்க் கவுண்டர்ல நிக்கற மாதிரி இருந்தது."

மெக்கானிக்குக்குக் காது சூடாயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவர் கையமர்த்தினார். கோபப்பட எதுவுமில்லை, நன்றி சொல்லத்தான் நிறுத்தினேன் என்றார். தன்னை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முன்பின் தெரியாத ஒருவர் மூன்று மாத வெள்ளிக்கிழமைகளைக் கொடுத்தது அவரால் சுலபமாக எடுத்துக்கொள்ள முடிந்த விஷயமாக இல்லை. ஆனால் பொய்யோடு குடித்தனம் தொடங்கவும் முடியவில்லை.

"அதனால நேத்து சாயந்திரம் அவர்கிட்ட சொல்லிட்டேன்."

வராந்தா ஒரு நிமிஷம் கிறுகிறுவென்று சுற்றியது. நேற்று சாயந்திரம். அப்படியென்றால் காலையில் சாவியைக் கையில் வைத்தவருக்குத் தெரியும். சிக்னலில் நன்றி சொன்னவருக்குத் தெரியும். அது மாப்பிள்ளைக்குச் சொன்ன நன்றி இல்லை. அவனுக்கே சொன்னது.

மாமா அறையிலிருந்து தனியாக வந்தார். பாப்பா உள்ளே ஏதோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

கேட்டதும் கோபம் வந்தது நிஜம் என்றார். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம், மூன்று பஸ் வந்து போகிற வரைக்கும்.

"அப்பன்தான் பொண்ணைக் கரைசேக்கணும்னு சொல்லுவாங்க. என் வீட்டுல பொண்ணு அப்பனைக் கரைசேக்க இவ்வளவு பாடுபட்டிருக்கா. நான் வேண்டாம்னு எழுந்து வந்தா அவ பட்டதெல்லாம் வீணாப் போயிடாதா? திரும்பிப் போய் டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலையில இருந்து உன்னை மாப்பிள்ளைங்கறதா தம்பிங்கறதான்னு வேற தெரியல."

"எப்படிக் கூப்பிட்டாலும் வருவேன் மாமா," என்றான் மெக்கானிக்.

மாமா ஒன்றே ஒன்று கேட்டார். தனக்குத் தெரியும் என்பது பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அப்பாவை ஏமாற்றிக் கல்யாணம் செய்து வைத்தோம் என்ற சந்தோஷம் அவளுக்கு இருக்கட்டும். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்றால் கூச்சத்தில் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மெக்கானிக் சத்தியம் செய்து கொடுத்தான். செய்த பிறகுதான் யோசித்தான். மகளோடு சேர்ந்து அப்பாவிடம் மறைத்தது போய், இப்போது அப்பாவோடு சேர்ந்து மகளிடம் மறைக்க வேண்டும்.

"என்கிட்ட இருந்து வெளிய வராது. முகத்தில எதையும் மறைக்க வராதுதான். சமாளிச்சுக்குவேன்," என்றார் மாமா. டீச்சர் அதை நம்பிய மாதிரி தெரியவில்லை.

மதியச் சாப்பாடு நீச்சல் குளத்துக்கு மேலேயிருந்த கூடத்தில். டீச்சரின் மாணவர்கள் இருபது பேர், எல்லோரும் நடுவயதைத் தாண்டியவர்கள், இரண்டடுக்கு கேக் செய்து கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழே நீலத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. பாப்பா கையில் தட்டோடு மெக்கானிக்கை அந்தச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டு போனாள். அவன் தட்டிலிருந்த கேக்கில் பாதியைக் கேட்காமலே எடுத்துத் தின்றுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் பிரிவதாகத் திட்டம் என்பதை நினைவுபடுத்தினாள். சொல்ல வேண்டிய காரணங்களை எழுதிக்கூட வைத்திருந்தாளாம். ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு பிரிந்தால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும்.

"இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாமா?" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

சரி என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். மூன்று மாதம் என்றால் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. ஆனால் சந்தேகப்பட அங்கே யாருமில்லை என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் நின்றுகொண்டு அவளிடமிருந்து பன்னிரண்டு நாளை வாங்கிக்கொள்வது திருட்டு மாதிரி இருந்தது.

"என்னால இனிமே நடிக்க முடியாது," என்றான்.

பாப்பா தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். "புரியுது. இதுவரைக்கும் செஞ்சதே பெரிசு. எங்கப்பாவை இப்படிச் சிரிச்சுப் பாத்து எத்தனை வருஷமாச்சு. ரொம்ப நன்றிங்க."

"ங்க போடாதே."

"வேற எப்படிச் சொல்றது?"

"நடிக்கமாட்டேன்னுதான் சொன்னேன். வரமாட்டேன்னு சொல்லல." தன் தட்டையும் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "வெள்ளிக்கிழமை வரணும். சும்மா, நானா வரணும். உங்க வீட்டுல எனக்குக் கிடைச்சது எனக்கு வேற எங்கயும் கிடைச்சதில்ல. அதுக்காக மட்டும் சொல்லல. உனக்காகவும் சொல்றேன். என்னை யாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு நீ யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

பாப்பா அவனையே பார்த்தாள். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை எழுத்துப் பலகை முன் உட்காரவைத்துப் பார்ப்பாளே, அந்த மாதிரி, வலது கண், இடது கண் என்று நிதானமாக. பிறகு அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. கூடத்தின் மறுகோடியில் மாமா டீச்சரோடு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள்.

"முதல்ல அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன். இப்பவே."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்ப எதுக்கு?"

"சொல்லாம நீ வெள்ளிக்கிழமை வந்தா அது பழைய வெள்ளிக்கிழமைதான். எனக்குப் புதுசா வேணும்."

"கொஞ்சம் நில்லு."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல வழியில்லை. சத்தியம் செய்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் பாதிக் கூடம் தாண்டியிருந்தாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

மாமா நிமிர்ந்தார். மகள் வருகிற வேகத்தைப் பார்த்தார். அவள் தோளுக்குப் பின்னால் கையை ஆட்டிக்கொண்டு வருகிற மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவருக்கு எதிரே வருவது என்னவென்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எதுவுமே தெரியாத ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்து, அதை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டார்.

டீச்சர் அதை ஒரே ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க வழி தெரியாமல், குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.